தூரத்துக் கோள்களும் ராகு காலத்து வீடும்

எங்கள் வாடகை வீட்டின் தவுக்கே, வீட்டுச் சொந்தக்காரர், தங்கமான சீனர். வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த அன்றும் கையில் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடுதான் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் குடும்பத்தோடு ஈப்போவுக்கே திரும்பி வருகிறானாம். அடுத்த சீனப் பெருநாளுக்குள் வீடு வேண்டுமாம். சொல்லி முடித்ததும் எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கூரையில் ஒழுகும் இடத்தையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார். என் கணவர் அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை, மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று மலாயில் ஆறுதல் சொன்னார். காலி செய்யச் சொன்னவரைத் தேற்றி அனுப்பிய ஆள் இந்தப் பேராக் மாநிலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

தவுக்கேயின் கார் முனை திரும்பியதும் ஆரஞ்சுப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ யாரும் என்னைய காலி பண்ணுனு சொல்லக் கூடாது. எனக்கு அவ்ளோதான் வேணும்.”

அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு அடுக்குமாடி, பிறகு ஒரு கடையின் மாடி, பிறகு கல்யாணமாகி நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனங்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவர் வந்து மரியாதையாகக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தை நினைத்து அவர் ஏங்கி நான் பார்த்ததில்லை. கொசுவும் அட்டையும் ஒழிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். இப்போது சுங்கை சிப்புட்டில் லாரி டயர் விற்கிறார். ஏக்கமெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான். சாகும்வரை இருக்கலாம் என்று ஒரு சுவர் வேண்டும்.

எங்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்டாள். இந்த முறை தப்பான வீட்டை வாங்கினால் அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு முறை வராது என்பது இருவருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு தலைவலி. நான் மருத்துவமனையில் பரிசோதனைக்கூட வேலை செய்கிறவள். விண்மீன், கோள் என்று கிடைத்ததையெல்லாம் படிக்கிற பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்தப் பைத்தியம் எப்படியோ ஊருக்குத் தெரிந்து, கோயில் நூலகக் குழுவினர் ஒரு சனிக்கிழமை வந்து பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் கோள்களில் எது உயிர் வாழத் தகுந்தது, எவ்வளவு காலத்துக்குத் தகுந்தது என்பது தலைப்பு. தவுக்கே வருவதற்கு முன்பு, புத்தி தெளிவாக இருந்த ஒரு நாளில், நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆக பகலில் வீடு தேடினேன், மாலையில் கோள் தேடினேன். சீக்கிரத்திலேயே இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

கலக்கிவிட்டது நான்தான். முதலில் பார்த்தது காம்பாரில் ஒரு வீடு. வீட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பையன்கள் நல்லவர்கள். எங்களைப் பார்த்ததும் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார்கள். ஆனால் அவர்களுடைய ஒலிபெருக்கி அவர்களைவிட உயரமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் நான் காரில் சிவப்புக் குள்ள விண்மீன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வானத்தில் அந்த ரகம்தான் மிக அதிகம். சூரியனைவிடச் சின்னது, மங்கலானது, சிக்கனமாக எரிவதால் ஆயுளும் கெட்டி. கேட்கும்போது குடியேற ஏற்ற இடம்போலத் தோன்றும். ஆனால் வெளிச்சம் குறைவு என்பதால் குளிர் தாங்க அதன் கோள் மிக நெருங்கி நிற்க வேண்டும். நெருங்கி நின்றால், இளமையில் அந்த விண்மீன் அடிக்கடி பொங்கித் துப்பும் அனல் முழுதும் கோளின் தலையில்தான் விழும்.

“வயசானா அடங்கிரும்ல?” என்றார் அவர்.

“அடங்கும். அதுக்குள்ள அந்தக் கோள் மேல இருக்கிற காத்து பூரா உரிஞ்சு போயிருக்கலாம்.”

“இந்தப் பசங்க அதவிட மோசம்லா. இவனுங்க அடங்குறப்போ பட்டம் வாங்கிட்டுப் போயிருவானுங்க. அடுத்த வருஷம் புதுசா ஒரு செட்டு வரும்.”

காம்பார் போயிற்று. அடுத்து, அவருடைய அக்கா சொன்னார் என்று ஆயர் தாவாரில் ஒன்று பார்த்தோம். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நல்ல காற்று, அகலமான வாசல். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடு இருந்த வரிசையில் பிள்ளைகள் எல்லாரும் வேலைக்காக வெளியூர் போய், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முனையில் ஒரு மளிகைக் கடை இருந்த தடம் தெரிந்தது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து மட்டும் மிச்சம். எனக்குச் செவ்வாய் நினைவு வந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது. தடம் இன்னும் இருக்கிறது. உருவத்தில் சின்னது என்பதால் வயிற்றுக்குள் இருந்த சூடு சீக்கிரம் தணிந்து, காந்தக் கவசம் போய், காற்றைப் பிடித்து வைக்கும் பலமும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து நிற்கிறது. நான் இதைச் சொன்னதும் அவர், “ஒரு மளிகைக் கட இல்லனு சொல்றதுக்கு இவ்ளோ சுத்து சுத்தணுமா?” என்றார்.

அவர் கிண்டல் செய்வார். ஆனால் கேட்பார். எத்தனை வீட்டில் புருஷன் வெங்காயம் உரித்துக்கொண்டே வெள்ளிக் கோளின் மேகங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நான் என் கூட்டாளிகளிடம் பெருமையாகவே சொல்வதுண்டு.

இங்கே எங்கள் வீட்டு ஒப்பந்தம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். அப்பா கடிகாரத்தை மட்டும்தான் நம்புவார். என் கணவர் பக்கத்தில் எல்லாரும் கோயிலில் கொடுக்கும் நாள்காட்டியை நம்புவார்கள். கல்யாணமான புதிதில் இதை வைத்துப் போதுமான அளவு சண்டை போட்டுவிட்டு, ஒரு சமரசத்துக்கு வந்தோம். அறிவியல் என் இலாகா. நேரம் அவர் இலாகா. மிக்ஸி வாங்கப் போனாலும் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். நானும் முணுமுணுத்தபடி பின்னால் போவேன்.

ஆகவே வீட்டு ஏஜெண்டிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் லீவு ஞாயிறுதான். ஞாயிறு மாலையில் ராகு காலம் வந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வருவோம். ஏஜெண்ட் முப்பது வயதைத் தாண்டிய தமிழர், பளபளக்கும் சப்பாத்துக்காரர், எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். “போலாம் அண்ணே, நீங்க சொல்ற நேரம்தான்” என்றார்.

அவர்தான் எங்களை அந்த மலையடிவாரத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டி எடுத்த நிலத்தில் கட்டிய ஒரு தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. கடைசி வரிசை, கடைசி வீடு. பின்கட்டுக் கதவைத் திறந்ததும் சுண்ணாம்புக்கல் மலை ஒன்று நேரே எழுந்து நின்றது. மேலே பச்சை, நடுவே வெள்ளைப் பாறை, அடியில் காலை நிழல். குளிர்ந்த காற்று. ஒரு சத்தம் இல்லை. நான் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள், இந்த மலைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போயிருந்தது. அன்றைக்கு மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி வாயடைத்துப் போனேன். என் கணவர் சுவரைத் தடவிப் பார்த்தார். மாட்டுக்காரர் மாட்டைத் தடவுவதுபோல, மெதுவாக, விலை பேசாமல்.

வாயடைத்தது கொஞ்ச நேரம்தான். பிறகு ஏஜெண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த மலை எதுல ஆனது தெரியுமா தம்பி? பாதி காத்துல ஆனது.”

அவர் பயந்துபோய் மலையைப் பார்த்தார், விழுந்துவிடுமோ என்பதுபோல.

நான் சொன்னேன். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மழை கொஞ்சம் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்தத் தண்ணீர் பாறையை அரித்துக் கடலுக்குக் கொண்டு போகிறது. கடலில் இருக்கும் சின்னப் பிராணிகள் அதைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை செத்து அடியில் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆகிறது. கடலடித் தரை பூமிக்குள் இறங்கும் இடத்தில் அது வெந்து, எரிமலை வழியாக வாயு மறுபடி வெளியே வருகிறது. பூமி சூடானால் மழை அதிகம், அரிப்பு அதிகம், வாயு குறையும், சூடு தணியும். பூமி குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலை விடும் வாயு சேரும், சூடு ஏறும். சூரியன் இளமையில் இப்போது இருப்பதைவிட மங்கலாக இருந்தது. அன்றைக்கும் கடல் உறையவில்லை, இன்றைக்கும் கொதிக்கவில்லை என்றால் இந்தச் சுற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தூரம் சரியாக இருப்பது ஒரு கோளுக்குத் தொடக்கம் மட்டும்தான். கோடிக்கணக்கான வருடம் அந்தச் சூட்டைக் கட்டிக் காப்பாற்ற இப்படி ஒன்று வேண்டும்.

ஏஜெண்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பூமியோட தெர்மோஸ்டாட் இந்த வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்குனு சொல்றீங்க அக்கா” என்றார். அடுத்த முறை நாங்கள் போனபோது வேறொரு தம்பதியிடம் போனில், “தெர்மோஸ்டாட் வியூ இருக்குலா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

இன்னொரு ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று போனோம். மகளையும் வரச்சொல்லிக் காட்டினோம். என் கணவர் எந்த மூலையில் சாமி மேடை என்று முடிவு செய்துவிட்டார். நான் எந்த ஜன்னலோரம் என் நாற்காலி என்று முடிவு செய்துவிட்டேன். முன்பணம் கட்ட நல்ல நாள் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் ஒரு மாலை, என் பேச்சை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அத்தனை தூரத்தில் இருக்கும் கோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்தேன். தெருவிளக்கின் முன்னால் ஒரு கொசு பறந்தால் வெளிச்சம் எவ்வளவு குறையுமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் விண்மீனின் ஒளி குறைவதைக் கவனிக்கிறார்கள். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் பல கோள்களைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிகிறது. பிறகு குரலை உயர்த்தி, கை நீட்டி, நான் எழுதி வைத்திருந்த நல்ல வாக்கியத்தைச் சொன்னேன்.

“நாம் பார்த்த நேரத்தில் ஒரு கோள் நன்றாக இருந்தது என்பதை வைத்து அங்கே குடியிருக்கலாம் என்று சொல்லிவிட முடியுமா? நாம் பார்க்காத நேரத்தில் அது எப்படி இருக்கிறது?”

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் கையில் கத்தியும் நின்றது.

“அந்த வீட்ட மொத தடவ எப்பப் பாத்தோம்?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம காலைல.”

“ரெண்டாவது தடவ?”

“ஞாயித்துக்கெழம காலைல,” என்றார், குரல் இறங்கியிருந்தது. மூன்றாவதை நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் வெப்பப்பெட்டி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதன் சூட்டைக் காலையிலும் பார்ப்பேன், மாலையிலும் பார்ப்பேன், லீவு நாளில் யார் பார்த்தது என்று அடுத்த நாள் கேட்டுச் சண்டையும் போடுவேன். ஒரு வேளைச் சூட்டை வைத்து ஒரு பெட்டியை நம்பாதவள், ஒரே வேளையில் பார்த்த வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அதை வழக்கம்போல அவர் மேல் காட்டினேன்.

“செவ்வாய்க்கெழம மத்தியானம் அரநாள் லீவு போட்டுட்டுப் போயிப் பாக்கலாம். மூணு மணிக்கு மேல.”

அவர் நாள்காட்டியைப் பார்க்கவே இல்லை. மனப்பாடம். “அது ராகு காலம்லா.”

“தெரியும்.”

“ராகு காலத்துல போயி யாராவது வீடு பாப்பாங்களா?”

“வாங்குறதுக்குத்தான் நல்ல நேரம் வேணும். வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு நல்ல நேரம்?”

அவருடைய இலாகாவுக்குள் நான் நுழைந்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் சட்டப்படி ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஏஜெண்டிடம் சொல்லாமல் போனோம். வீடு பூட்டியிருந்தது. வாசலில் காரை நிறுத்திவிட்டு நின்றோம். முதலில் தெரிந்தது வெயில். காலையில் நிழல் கொடுத்த மலை கிழக்கே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு முன்பக்கச் சுவர் தோசைக்கல் ஆகிவிட்டது. அதைக்கூட மன்னித்திருப்போம். ஒரு மரம் நட்டால் போயிற்று என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ சங்கு ஊதியது.

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. பெண்கள் ஓடிவந்து கொடியில் கிடந்த துணிகளை வாரி அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரும் பதறவில்லை. வானத்தில் மேகம் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மலைக்குப் பின்னால் ஒரு வெடி. காலடியில் தரை ஒரு முறை தூக்கிப்போட்டது. ஜன்னல்கள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. சற்று நேரத்தில் மலையின் தோளுக்கு மேலாக வெள்ளையாக ஒரு புகை எழுந்து, அவசரமே இல்லாமல் எங்களைப் பார்த்து வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா கடைசித் துண்டை எடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்து, “கல் குவாரிலா. தெனமும் இல்ல, அப்பப்பதான் வெடிப்பாங்க. ஞாயித்துக்கெழம லீவு” என்றார்.

அங்கிருந்தே ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். நன்றாக நாலு கேட்க வேண்டும் என்றுதான் போட்டேன். அவர் அமைதியாக, “அக்கா, நீங்கதானே ஞாயித்துக்கெழம காலைல மட்டுந்தான் வருவோம்னு சொன்னீங்க” என்றார். போனை வைத்துவிட்டேன். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வரிசையில் வீடு விற்றிருப்பார்கள். எல்லாரும் நல்ல நேரத்தில்தான் வந்து பார்த்திருப்பார்கள்.

காரின் மேல் வெண்மையாகப் பொடி படிந்திருந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, காப்பாற்றியது இதுதான் என்பதுபோலக் கையில் வைத்துப் பார்த்தார். நான் அதை வாங்கிச் சாவியால் கிழித்து, சேர்ந்திருந்த பொடியின் மேல் சொட்டுவிட்டேன். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது.

“பாத்தீங்களா. எத்தனையோ கோடி வருஷம் அடச்சு வச்சிருந்த காத்து இப்ப வெளிய போவுது.”

“என் எலுமிச்சம்பழமும் போச்சு” என்றார்.

சிரித்தோம். ஆனால் காரில் ஏறியதும் அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். மலையை உடைத்துச் சிமெண்டாக்கி, அந்தச் சிமெண்டில் வீடு கட்டி, அந்த வீட்டிலிருந்து உடைபடும் மலையைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொங்கியது. அவருக்குக் கோபமே வரவில்லை. அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்தார். “பரவால்லலா” என்றார். தவுக்கேயிடம் சொன்ன அதே சொல். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்குகள் கடைகளில் தொங்க ஆரம்பித்திருந்தன. கையில் வீடு இல்லை.

பேச்சு நன்றாகவே நடந்தது. நூலகத்தில் நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். தூரம், தண்ணீர், காற்று, கவசம், பொங்காத விண்மீன், கோளின் அச்சுச் சாய்வு ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு நிலா என்று எல்லாவற்றையும் சொல்லி, இவை இருப்பது மட்டும் போதாது, ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு நீண்ட காலம் நீடிக்க வேண்டும் என்று முடித்தேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

“எல்லாம் சரிம்மா. அந்தக் கோளெல்லாம் ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா?”

சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உண்மையையே சொன்னேன். எல்லாமே லீஸ்ஹோல்டுதான், கெடு முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய குத்தகை. எந்த விண்மீனும் அப்படியே நிற்பதில்லை. நம் சூரியனும் மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. இன்னும் ஒரு நூறு கோடி ஆண்டு அளவில் இந்தப் பூமியில் கடல் நிற்பதே சிரமம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நமக்கும் ஒருநாள் காலி செய்யச் சொல்லி வரும். சொல்லும்போதே பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு புது மதத்துக்கு மாறினார். நாள்காட்டியை முன்போலவே கிழிப்பார், முன்போலவே உற்றுப் பார்ப்பார், பிறகு ஏஜெண்டைக் கூப்பிட்டு, “தம்பி, ராகு காலத்துல வாரேன்” என்பார். ஏஜெண்ட் பாவம், தொழிலில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. அரைநாள் லீவு போட்டு வெள்ளிக்கிழமை முற்பகலில் பார்த்த ஒரு வீட்டின் எதிரில் பட்டறை ஓடியது. வியாழன் மத்தியானம் பார்த்த இன்னொன்றில் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும் வந்தது. மற்றவர்கள் காலையில் பார்த்து மயங்கும் வீடுகள் எல்லாம் ராகு காலத்தில் எங்களிடம் உண்மையைக் கக்கின. பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் மட்டும் மாறாமல் இருந்தது. மதம் மாறினாலும் பழக்கம் விடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நாட்கள் போயின. எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. நானே கிளப்பிவிட்ட முறை. இதில் தேறும் வீடே கிடையாதோ என்று தோன்றியது.

ஒரு ஞாயிறு மாலை, சுங்கை சிப்புட் போகும் பக்கம் ஒரு பழைய தாமானுக்குப் போனோம். அதுவும் ஒரு காலத்தில் ரப்பர் நிலம்தான். நடுவரிசை வீடு. மலையும் இல்லை, காட்சியும் இல்லை. சாயம் உரிந்திருந்தது, கேட் துருவேறியிருந்தது, முகப்பு மேற்குப் பார்த்து நின்றது. ஏஜெண்ட் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள், சாவியோடு வாரேன் என்று செய்தி அனுப்பினார். நாங்கள் காருக்குள் இருக்கும்போதே மழை எங்களையும் பிடித்தது. ஈப்போப் பக்கத்து மாலை மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடிக்கு வெளியே உலகமே இல்லாமல் போய்விடும்.

கொஞ்சம் வெளுத்தபோது பார்த்தால், தெருவோரச் சாக்கடை நிறைந்து, தண்ணீர் அந்த வீட்டு வாசலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முடிந்தது கதை, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது எதிர்வீட்டிலிருந்து அரைக்கால் சட்டையோடு ஒரு சீனக் கிழவர் மண்வெட்டியுடன் வெளியே வந்தார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் வயதில் ஒரு மலாய் அம்மா துடைப்பத்தோடு வந்தார். நம் ஆட்கள் இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர் ஏற ஏற ஆட்கள் கூடினார்கள். குப்பை, இலை, ஒரு கிழிந்த செருப்பு, ஒரு முழுத் தென்னை மட்டை என்று அடைப்பை வாரி வாரி மேலே போட்டார்கள். சீனர் மலாயில் திட்டினார், நம் ஆள் தமிழில் திட்டினார், எல்லாம் அந்த மட்டையைத்தான்.

நான் என் பேச்சில் அத்தனை நேரம் விளக்கியது இதுதானே என்று எனக்கு உறைத்தது. இந்தத் தெரு சரியான இடத்தில் இல்லை. வெயில் அடிக்கும், மழைநீர் தேங்கும். ஆனால் ஒன்று எல்லை மீறும்போது அதைத் தணிக்க இங்கே ஏதோ கிளம்பி வருகிறது. அது எவ்வளவு காலமாக நடக்கிறதோ தெரியாது, புதிது அல்ல என்று மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

இதைச் சொல்லலாம் என்று திரும்பினால் பக்கத்து இருக்கை காலி. கார்க் கதவு திறந்து கிடந்தது. அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சாக்கடைக்குள் நின்றார். கிழவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி அள்ளிக்கொண்டிருந்தார். முதுகில் மழை வழிந்தது. நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். யாரும் எங்களை யார் என்று கேட்கவில்லை.

தண்ணீர் ஒருவழியாகக் குடுகுடுவென்று இறங்கத் தொடங்கியதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அப்போதுதான் மக்சிக் எங்களைச் சரியாகப் பார்த்தார். பூட்டிய வீட்டையும் பார்த்தார். எப்போது குடிவந்தீர்கள் என்று மலாயில் கேட்டார்.

நாங்கள் அந்த வீட்டுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. எத்தனை அறை என்றுகூடத் தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பக்கம் திரும்பாமல், மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்.

“ஹரி இனி, மக்சிக்.” இன்றைக்குத்தான்.

மக்சிக் அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த முனையில் இன்னும் அடைத்திருக்கிறது, அது உங்கள் வீட்டுப் பங்கு என்று சொல்லித் துடைப்பத்தை என் கையில் கொடுத்தார்.